ஒப்பிக்கிறவர்களைப் பிடிக்கும் டீச்சர்

பீர்க்கன்கரணையில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அபிதகுஜாம்பாளை ஏமாற்றிவிட்டு யாரும் அந்தத் தெருமுனையைத் தாண்டியதில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே, இன்றைக்குக் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் மற்ற வீடுகளில் இறக்கிப் போட்டுவிட்டுப் போவான். இவள் வாசலில் மட்டும் சீல் உடையவில்லை என்று காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பான். எதிர்வீட்டு ஜோதிலட்சுமி ஒரு விசேஷமும் இல்லாத நாளில் பாயசம் கொடுத்தனுப்பினால் அவ்வளவுதான், குடிப்பதற்கு முன்னால் அந்தப் பாயசத்துக்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். மறுநாள் ஜோதிலட்சுமி தங்கள் வீட்டு மராமத்துக்கு இங்கிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அபிதாவுக்கு வந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே. பாயசம் ருசித்ததே அதற்குப் பிறகுதான்.

இந்தக் குணம் தொழில் கொடுத்தது என்று அவளே சொல்லிக்கொள்வாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அவளுக்கு ஒன்றாம் வகுப்புதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரி கள்ளன் உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி. அதற்குப் படிக்கத் தெரியாது, படிப்பதுபோல் காட்டத் தெரியும். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, தன்னைக் கூப்பிட்டதும் புத்தகத்தை விரித்துக் கடகடவென்று ஒப்பித்துவிடும். வாய் ஒரு வரியில் இருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். மற்ற டீச்சர்கள் வெரிகுட் சொல்லிவிடுவார்கள். அபிதா டீச்சரிடம் அது நடக்காது. படத்தைக் கையால் மூடுவாள். வரிக்கு நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்பாள். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு வா என்பாள். குழந்தை மேலே பார்க்கும், கீழே பார்க்கும், உதட்டைப் பிதுக்கும். குட்டு வெளிப்பட்டுவிடும். போய் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவாள்.

ராத்திரி கணவர் சுந்தரராமனுக்குத் தட்டில் சாதம் போடும்போது, “இன்னிக்கும் ஒருத்தனைப் பிடிச்சுட்டேன்னா” என்று ஆரம்பிப்பாள். சுந்தரராமன் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். மோரை விட்டுப் பிசைந்துகொண்டே முழுக்கதையையும் கேட்டுக்கொள்வார். அவளும் அந்தக் குழந்தை முழித்த முழியை அப்படியே நடித்துக் காட்டுவாள்.

இந்தக் கோடையில் ஒருநாள் காய்கறி வாங்கப் போன இடத்தில் சுந்தரராமன் தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, நல்லவேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கச் சொன்னார், பெயரைக் கேட்டார், ஒரு காகிதத்தில் முகவரியை எழுதச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. வலப்பக்கம் கதவோ நாற்காலியோ இருந்தால் கொஞ்சம் இடித்துக்கொள்வார், அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பழைய சுந்தரராமன் அப்படியே திரும்பிவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அபிதாவுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

முதலில் மாட்டிக்கொண்டது கிருத்திகை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் அவள் விளக்கேற்றும்போது அவர் கூடத்து நாட்காட்டியில் தாளைக் கிழித்துவிட்டு, அன்றைய திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார். அவள் சமையலறையிலிருந்தே காதில் வாங்கிக்கொள்வாள். அவள் நாட்காட்டியைப் பார்ப்பதே கிடையாது. அந்த மாதம் அவர் கிருத்திகை என்று சொன்ன நாளில் அவள் முருகனுக்கு விரதம் இருந்து, ஒருவேளைச் சாப்பாட்டோடு படுத்தாள். மறுநாள் வெங்காய சாம்பார் வைத்து ஒரு பிடி பிடித்துவிட்டு வாசலுக்கு வந்தால், ஜோதிலட்சுமி தலைக்குக் குளித்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறாள்.

“என்ன மாமி, இன்னைக்குக் கிருத்திகை, நீங்க கோயிலுக்கு வரலையா?”

அபிதாவுக்கு வெங்காயம் எதுக்களித்தது. உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தாள். ஜோதிலட்சுமி சொன்னதுதான் சரி. கேட்டதற்கு, “ஒருநாள் முன்னே பின்னே ஆயிடுத்து, விடேன்” என்றார் சுந்தரராமன். வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கில் ஒரு புள்ளி பிசகினால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த மனிதர், விடேன் என்கிறார். அபிதாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் விடிந்ததும் வந்த பேப்பரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, முந்தின நாள் பேப்பரை மடிப்புக் கலையாமல் அவர் நாற்காலியில் வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். பிரித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, “ஒண்ணுமே இல்லை, எல்லாம் அரசியல்” என்று மடித்து வைத்தார். அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஆறு வயதுக் குழந்தை இதைச் செய்திருந்தால் அபிதா டீச்சர் அந்த நிமிஷமே பிடித்திருப்பாள். கட்டின புருஷன் என்பதால் புத்தி வேறு பக்கம் ஓடியது. மனம் வேறு எங்கேயோ இருக்கிறது, அதனால்தான் பேப்பர் கண்ணில் ஏறவில்லை என்று முடிவுகட்டினாள். அவரால் படிக்க முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அதே காலையில்தான் மளிகைச் சாமான் பட்டியலை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். எழுதத் தெரிந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாமல் போகும் என்று உலகத்தில் யார்தான் நினைப்பார்கள்?

அடுத்து, அந்த விரல். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கோயில் வரிசையிலும் அவர் ஆள்காட்டி விரல் தொடைமேல் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தது. ஜபமா, கணக்கா, யாருக்காவது ஜாடையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் பார்ப்பதைக் கண்டதும் விரல் நின்றுவிடும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு காலை நடை. ஏரிக்கரையில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். பத்து மணிக்குமேல் கிளம்பிப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். அந்த வெயிலில் யார் நடப்பார்கள்? செருப்பில் சேறு இல்லை. ஒருநாள் அவர் கழற்றிப்போட்ட சட்டையை ஊறவைக்க எடுத்த அபிதா, முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மீன் வாசனை. மல்லிகைப்பூ வாசனை என்றால்கூட அவளுக்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கும். பூண்டுகூட நுழையாத வீட்டில், இந்த வயதில், இந்த மனிதர் சட்டையில் மீன் வாசனை எப்படி வரும்?

நாவலூரில் அடுக்குமாடியில் இருக்கும் மகள் மிருதுளாவுக்குப் போன் போட்டாள். “உங்க அப்பா வெளியிலே மீன் சாப்பிடறாரோன்னு சந்தேகமா இருக்குடி.”

மிருதுளா சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. “அம்மா, அப்பா முட்டை போட்ட கேக்கையே தொடமாட்டார். நீ டிடெக்டிவ் வேலையை விடு. ஆனா ஒண்ணு, நான் அனுப்பற மெசேஜ் எதுக்கும் அவர் ரிப்ளை பண்றதே இல்லை. போன் பண்ணு, போன் பண்ணுன்னே சொல்றார்.”

இது போதாதா? மறுநாள் அவர் கிளம்பினதும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அவர் ஏரிப்பக்கம் திரும்பவே இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிப் பெருங்களத்தூரைப் பார்த்து நடந்தார். வழியில் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். விரல் தொடைமேல் கோடு போட்டது. வேவு பார்க்கிறவன் மாதிரி அல்லவா இருக்கிறது என்று அபிதா ஒரு வேனுக்குப் பின்னால் பதுங்கினாள். கடைசியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வெளிப்புறம் படி வைத்த ஒரு வீட்டு மாடிக்கு ஏறினார். கைப்பிடிக் கம்பி ஆடியது. கீழே ஒரு பலகை: வாசிப்பு வகுப்பு, எல்லா வயதினருக்கும்.

அபிதாவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. எனக்குத் தெரியாமல் இவர் டீச்சர் வேலை பார்க்கிறாரா? நான் செய்த வேலையை, எனக்குச் சொல்லாமல்?

படியின் அடியில் ஒரு பெண் காலி மீன்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு எழுத்துப் பயிற்சி நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவளத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அங்காளம்மா. இவள் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

“இன்னாம்மா, யாரத் தேடிக்கினு கீறீங்க?”

“மேலே ஒருத்தர் போனாரே, வெள்ளைச் சட்டை. அவர் இங்கே யாருக்குச் சொல்லித் தரார்?”

“அய்யரா?” அங்காளம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “அவரு எங்கம்மா சொல்லித் தராரு. எனுக்குப் பக்கத்துல குந்திக்கினு படிக்க வர்றவரு அவரு.”

“அவருக்கென்ன, படிக்கத் தெரியாதா?”

“முன்னாடி தெரியுமாம். தலைல இன்னாவோ அடைச்சிக்கினதுலேர்ந்து எய்த்து கண்ணுக்கு வரலியாம். எய்து சார்னா முத்தாட்டம் எய்துவாரு. அவரு எய்தனத அவராண்டயே குடுத்துப் படின்னா முய்க்கிறாரு. எனுக்கு அப்டியே ஆப்போசிட்டு. பஸ் போர்டு, கடை போர்டு எல்லாம் பட்ச்சிடுவேன், பென்சிலப் புட்ச்சா கை நடுங்குது. ரெண்டு பேரையும் ஒட்டிவெச்சா ஒரு முழு ஆளு தேறும்னு எங்க பியூலா மிஸ்ஸு சொல்லிக்கினே இருக்கும்.”

அபிதா குடையை மடக்கினாள்.

“வூட்ல சொன்னியா சாருன்னு கேட்டேன்” என்று அங்காளம்மா தானாகவே தொடர்ந்தாள். “வூட்ல டீச்சரும்மா, அதாலதான் சொல்லலன்னாரு. இன்னா பேச்சு இது? வூட்டுக்குள்ளயே டீச்சரு கீறப்போ இம்மாந்தூரம் வெய்யில்ல எதுக்கு நடக்கணும்? ஒரே பேஜாரா கீது.”

அபிதா மெதுவாகப் படி ஏறினாள். உள்ளே போகவில்லை, ஜன்னலோரம் நின்றாள். பெஞ்சில் எழுத்து தலைகீழாகத் தெரிகிற குழந்தைகள் சிலர், கல்யாணமான ஒரு பெண், அவர்களோடு சுந்தரராமன். இளவயசு டீச்சரான பியூலா அவர் முன்னால் ஓர் அட்டையை வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. ஓரக்கண்ணால் அட்டையின் மூலையில் இருந்த படத்தைத் தேடினார். அந்தப் பார்வையை அபிதாவுக்குத் தெரியும். எத்தனை குழந்தைகளின் முகத்தில் பார்த்திருக்கிறாள்.

“படம் வேண்டாம் சார், கையால பாருங்க” என்றாள் பியூலா. அவர் விரலை எழுத்தின்மேல் வைத்து அதன் வளைவோடு நகர்த்தினார். கை எழுதிப் பழகின கையாயிற்றே. எழுத்தைக் கண் மறந்திருந்தாலும் கை மறக்கவில்லை. விரல் வளைந்து முடிந்ததும் வாய் சொன்னது: “க.” அடுத்த எழுத்து. “ட.” அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் அபிதா இறங்கி வந்துவிட்டாள்.

மத்தியானம் வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஏரியிலே இன்னிக்கு நாரை நிறைய வந்திருக்கு” என்றார்.

“நாரை இருக்கட்டும். அந்த மாடிப்படிக் கைப்பிடி ஆடறது. பார்த்து ஏறணும்.”

சுந்தரராமன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மொதல் நாள் பேப்பரைப் பிரிச்சேன். ஏதோ தெரியாத ஊர் எழுத்து மாதிரி இருந்தது. கண்ணாடியை மாத்தினா சரியாயிடும்னு நெனச்சேன். ஆகலை. தனியாப் போய் டாக்டர்கிட்டச் சொன்னேன். இப்படிச் சிலபேருக்கு ஆகுமாம். பழகினாக் கொஞ்சம் கொஞ்சமா வரலாம், வராமலும் போகலாம்னார். அவர்தான் பியூலா பேரைச் சொன்னார்.”

“கிருத்திகை?”

“போன கிருத்திகையிலேர்ந்து மனசாலேயே நட்சத்திரத்தை எண்ணிச் சொன்னேன். ஒரு நாள் தவறிப்போச்சு.”

அபிதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “டாக்டருக்குத் தெரியும். மீன்காரிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது, இல்லையா? வாழ்நாள் பூரா ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவளை வீட்டிலே வெச்சுண்டு இன்னொருத்தி வாசல்லே போய் நின்னேளே, ஏன்?”

அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

“சாதம் போடறச்சே நீ சொல்லுவே, இன்னிக்கு ஒருத்தனைப் பிடிச்சுட்டேன்னு. அத்தனை வருஷமும் கேட்டேன். அந்தக் குழந்தை அப்புறம் படிச்சுதுன்னு ஒருநாள்கூட நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போ நான் அட்டையைப் பிடிச்சுண்டு உக்காந்தா அந்தக் குழந்தைகள் ஞாபகம்தான் வரது. உன் கையிலே மாட்டிக்க பயமா இருந்தது, அபிதா.”

இதிலும் ஏதாவது சால்ஜாப்பு இருக்கிறதா என்று ஒரு கணம் அவர் முகத்தைத் துழாவிப் பார்த்தாள். பழக்கம் விடுமா? அங்கே ஒன்றும் இல்லை. பதிலடியாகச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் பிடிக்காவிட்டால் அந்தக் குழந்தைகளுக்குப் படிக்க வராது என்பது யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பாடம் முழுவதையும் ஒப்பித்த ஹேமநாத் ஞாபகம் இருந்தான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்த பிரேம் ஞாபகம் இருந்தான். அவர்கள் முழித்த முழி, அழுத அழுகை, எல்லாம் நேற்று நடந்ததுபோல் இருந்தது. அவர்கள் எப்போது படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. கற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். அவளே கற்றுக்கொடுத்திருக்கலாம், அல்லது இரண்டாம் வகுப்பில் யாராவது கற்றுக்கொடுத்திருக்கலாம். அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை பேரிடம் ஏமாறாமல் ஜெயித்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சுந்தரராமன் பேப்பரைப் பிரித்தார். பக்கங்களைத் திருப்பவில்லை. முதல் பக்கத்தின் கீழே கட்டம் கட்டிய ஓர் அறிவிப்பின்மேல் விரலை வைத்தார். அபிதா காபியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

“நா... ளை. நாளை.”

“ரொம்ப சரி.”

விரல் நகர்ந்தது. “மி... ன். மின்...” பாதியில் பொறுமை போய்விட்டது அவருக்கு. “மின்விசிறி.”

“சரிதான்” என்றாள் அபிதா.

சுந்தரராமன் பேப்பரைத் தாழ்த்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் இதுவரை அவள்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பொய் சொல்றே நீ.”

“நான் ஏன் பொய் சொல்றேன்?”

“நாளை மின்விசிறின்னு எந்தப் பேப்பர்காரன் போடுவான்? என்னைக் குழந்தைன்னு நெனச்சுச் சமாதானம் பண்றியா?” குரலைத் தணித்துக்கொண்டார். “தப்புன்னா தப்புன்னு சொல்லு. அது எனக்குப் பயமில்லை. சொல்லிட்டு நீ என்னை விட்டுட்டுப் போயிடாதே. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அபிதா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தப்பு. மறுபடியும் பாருங்கோ.”

அவர் மறுபடியும் விரலை வைத்தார். காபியில் ஆடை படிந்தது. தெருவில் தண்ணீர் லாரி வந்து, ஜோதிலட்சுமியோடு சண்டை போட்டுவிட்டுப் போனது. இன்னொரு நாளாயிருந்தால் அபிதா அந்தச் சண்டையில் முதல் ஆளாக நின்றிருப்பாள். இன்றைக்கு வாய் திறக்காமல், அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மின்... த... டை. மின்தடை. நாளை மின்தடை.”

அவர் அதோடு நிறுத்தவில்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்த ஊர்ப் பெயர்களுக்கு இறங்கினார். எதிரில் இருந்த அவளுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. கொஞ்சம் எட்டிக் குனிந்தால் தெரிந்திருக்கும். அவர் இரும்புலியூரைக் கடந்து, பெருங்களத்தூரில் இருமுறை சறுக்கி விழுந்து எழுந்து, கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

“நம்ம பீர்க்கன்கரணையும் இருக்கு. காலம்பற ஒம்பதிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும்.”

அபிதா பேப்பரை வாங்கிப் பார்க்கவில்லை. “அப்போ மாவை இன்னிக்கே அரைச்சுடணும்” என்று சொல்லிவிட்டு, அரிசியை ஊறப்போடப் போனாள்.